ரோந்துப் பாதையில் நடை, ஊர் வழியே சைக்கிள்: ஜெர்மனியின் பழைய எல்லைக் கிராமங்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஜெர்மனியை நாற்பது ஆண்டுக்காலம் இரண்டாக வெட்டிப் போட்டிருந்த எல்லையின் நீளம் 1,393 கிலோமீட்டர். வடக்கே பால்டிக் கடலோரம் ப்ரிவால் தீபகற்பத்தில் தொடங்கி, தெற்கே பவேரியாவும் சாக்சனியும் செக் நாடும் சந்திக்கும் முனையில் வந்து முடிகிறது. இன்று அந்தக் கோட்டின் மேலேயே பல இடங்களில் நடக்கலாம், அதை ஒட்டி சைக்கிளிலும் போகலாம். ஐரோப்பாவின் நெடுந்தூர சைக்கிள் பாதைகளுக்கு யூரோவெலோ என்று பெயர் வைத்து எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் 13ஆம் எண், பேரன்ட்ஸ் கடலிலிருந்து கருங்கடல் வரை 20 நாடுகளைத் தொட்டுக்கொண்டு சுமார் 10,000 கிலோமீட்டர் போகும் இரும்புத்திரைப் பாதை (கம்யூனிச கிழக்கையும் மேற்கையும் பிரித்த எல்லையைத்தான் இரும்புத்திரை என்பார்கள்). ஜெர்மனி எல்லை அதில் ஒரு துண்டுதான், ஆனால் கிராமங்களின் கதை அடர்ந்து கிடப்பது இந்தத் துண்டில்தான் என்று நினைக்கிறேன்.

இதை ஒரு நிகழ்வாக எடுத்துப் பார்க்கக் காரணம் உண்டு. பழைய வரலாற்றைச் சுற்றிப் பாதை போடுகிறவர்கள் பெரும்பாலும் நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் சேர்த்து ஒரே பாதையைப் போட்டு, தார் ஊற்றி, பலகை நட்டு முடித்துவிடுவார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. நடப்பவர் ஒரு வழி, சைக்கிள்காரர் இன்னொரு வழி, இரண்டும் அடிக்கடி சந்தித்துப் பிரிகின்றன. இந்தப் பிரிவினால்தான் இந்தப் பாதை நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல முதலில் எல்லை எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

1945இல் போர் முடிந்து, வென்ற நாடுகள் ஜெர்மனியை மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டபோது இந்தக் கோடு பெரும்பாலும் வரைபடத்தில்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் வயல் வைத்திருந்தவர்கள் அனுமதிச் சீட்டோடு போய் உழுதுவிட்டு வந்தார்கள், சீட்டு இல்லாமலும் போனார்கள். 1952 மே 26 அன்று கிழக்கு ஜெர்மனி அரசு எல்லையை மூடியது. எல்லையிலிருந்து உள்ளே 5 கிலோமீட்டர் தடை மண்டலம், அதற்குள் 500 மீட்டர் காப்புப் பட்டை, கடைசி 10 மீட்டர் காலடி பதிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக உழுது வெறும் மண்ணாகப் போடப்பட்டது. மண்டலத்துக்குள் இருப்பவரைப் பார்க்க சொந்த அண்ணன் தம்பி வருவதாக இருந்தாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். நம்பத் தகாதவர்கள் என்று பட்டியல் போட்டு 1952லும் 1961லும் இரண்டு தடவையாகப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டிலிருந்து கிளப்பி உள்நாட்டுக்கு ஏற்றி அனுப்பினார்கள். கிழக்கில் இருந்த துரிங்கியா மாநிலத்தில் அதிகாரிகள் முதல் தடவையை ‘பூச்சி நடவடிக்கை’ என்றே குறித்து வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் முள்வேலி கம்பிவலை வேலியானது, கண்ணிவெடி வந்தது (பத்து லட்சத்துக்கும் மேல் புதைத்தார்கள், தேடி எடுத்து முடிக்க 1995 ஆகிவிட்டது), காவல் கோபுரம் வந்தது. வேலிக்கு உட்புறம், ராணுவ வண்டி ஓடுவதற்கு ஒரு கான்கிரீட் பாதையும் வந்தது. ஜெர்மன்காரர்கள் அதை கொலோனன்வேக் என்பார்கள், நான் ரோந்துப் பாதை என்றே எழுதுகிறேன். சொல்ல வந்ததற்கு இந்தப் பாதைதான் மையம் என்பதால் அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இடையில் ஒன்று. இந்த எல்லையோடு நம்மவர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1980களில் இலங்கையிலிருந்து கிளம்பிய தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் போய்த் தஞ்சம் கேட்டார்கள். தன் குடிமக்கள் வெளியே போகக் கூடாது என்று சுவர் எழுப்பிய அரசு இவர்களைக் கடந்துபோக விட்டது. மேற்கு ஜெர்மனி கொடுத்த அழுத்தத்தில் 1985இல் அந்த வழியும் அடைபட்டது. கிராமத்து எல்லையில் இந்தக் கதை நடக்கவில்லைதான், ஆனால் இந்தப் பாதையில் போகும் ஒரு தமிழருக்கு இது ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

மோட்லராய்ட்

ஒரே ஒரு ஊரைத்தான் பார்க்க முடியும் என்றால் மோட்லராய்ட்டுக்குப் போங்கள். ஐம்பது பேர் அளவுக்குத்தான் ஊர். நடுவில் டான்பாக் என்று ஒரு ஓடை, சில இடங்களில் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். 1810இல் பவேரிய முடியரசுக்கும் ராய்ஸ் சிற்றரசுக்கும் (பின்னாளில் துரிங்கியாவில் சேர்ந்தது) இந்த ஓடையை எல்லையாக வைத்துக் கல் நட்டார்கள். ஒரு பக்கம் பவேரியாவின் எழுத்து, மறுபக்கம் ராய்ஸின் எழுத்து, கீழே ஆண்டு. அந்தக் கற்கள் இன்னும் இருக்கின்றன. குனிந்து விரலால் தடவினால் எழுத்து கைக்குத் தட்டுப்படுகிறது. கல் நட்டு நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஊருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. பள்ளிக்கூடமும் சத்திரமும் துரிங்கியப் பக்கம், கோயிலுக்கு எல்லோரும் பவேரியப் பக்கம் உள்ள டோப்பனுக்குப் போவார்கள், பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஓடையைத் தாண்டித்தான்.

போருக்குப் பிறகு அதே ஓடை அமெரிக்க மண்டலத்துக்கும் சோவியத் மண்டலத்துக்கும் எல்லையானது. 1952இல் பலகை வேலி, 1966இல் 700 மீட்டர் நீளத்துக்கு 3.3 மீட்டர் உயரக் கான்கிரீட் சுவர். அமெரிக்கப் படையினர் இந்த ஊருக்கு ‘குட்டி பெர்லின்’ என்று பெயர் வைத்தார்கள். கிழக்குப் பக்கத்து ஆட்கள் மேற்குப் பக்கம் பார்த்துக் கையசைக்கவும் தடை. ஓடைக்கு இந்தப் புறம் இருப்பவர் அத்தை மகன், அந்தப் புறம் இருப்பவர் மாமன் மகன், ஒருவர் கையசைக்கிறார், இன்னொருவர் தலையைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் விசாரணை. 1983 பிப்ரவரியில் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ் மேற்குப் பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பெர்லின் சுவர் 1989 நவம்பர் 9 அன்று திறந்ததைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. மோட்லராய்ட்டில் நடந்து கடக்க ஒரு வழி திறந்தது சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 9 அன்றுதான். பெர்லினில் ஆட்டம் பாட்டம் நடந்த அந்த ஒரு மாதமும் இந்த ஊரில் சுவர் அப்படியே நின்றது. அடுத்த ஆண்டு ஜூன் 17 அன்று இயந்திரம் வைத்துச் சுவரை இடித்தார்கள், ஒரு பகுதியை மட்டும் இடிக்காமல் விட்டு அருங்காட்சியகம் ஆக்கினார்கள். அந்த முடிவை அவ்வளவு சீக்கிரம் எடுத்ததுதான் பெரிய விஷயம், ஏனென்றால் மற்ற இடங்களில் வெறுப்பில் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டார்கள், வெறுப்புக்கு நியாயமும் இருந்தது.

இன்றைக்கும் ஊர் இரண்டு மாநிலங்களில்தான் இருக்கிறது. ஒரு பாதி பவேரியாவின் டோப்பன் ஊராட்சி, மறு பாதி துரிங்கியாவின் கெஃபெல் நகராட்சி. இரண்டு மேயர், இரண்டு அஞ்சல் குறியீடு, கார் நம்பர் பலகையில் வேறு வேறு எழுத்து, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறைகூட வேறு வேறு நாளில். ஓடையின் மேல் உள்ள சின்னப் பாலத்தை யாரும் கவனிக்காமல் கடந்து போகிறார்கள்.

வெரா ஆற்றங்கரையில்

வடமேற்கே போனால் ரோன் மலை. அங்கே பாயிண்ட் ஆல்ஃபா என்று பழைய அமெரிக்கக் கண்காணிப்பு முகாம் இருக்கிறது, எல்லோரும் போகிறார்கள், போக வேண்டிய இடம்தான். எனக்கு அதைவிட வெரா ஆற்றை ஒட்டிய ஊர்கள் முக்கியமாகப் படுகின்றன, எல்லை என்பது எவ்வளவு தற்செயலாக ஒரு வீட்டின் மேல் வந்து விழும் என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.

ஃபாஹாவுக்கும் ஃபிலிப்ஸ்டாலுக்கும் நடுவில் இடைக்காலக் கல்பாலம் ஒன்று. அதன் முனையில் ஹோஸ்ஃபெல்ட் குடும்பத்தின் அச்சகமும் வீடும். எல்லைக்கோடு அந்த வீட்டுக்குள்ளேயே போனது. 1951 கடைசி நாள் இரவில், புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் காவல் அசந்திருந்த நேரம் பார்த்து, அந்தக் குடும்பம் கிழக்குப் பகுதிக்குப் போகும் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டது. வீடு முழுவதும் மேற்குக்குச் சேர்ந்தது 1976இல், இரு அரசுகளும் உட்கார்ந்து பேசிய பிறகுதான்.

இன்னும் வடக்கே, கோட்டிங்கனுக்கும் பெப்ராவுக்கும் இடையிலான ரயில் பாதையில் நாலு கிலோமீட்டர் போலத் துண்டு 1945இல் சோவியத் பக்கம் மாட்டிக்கொண்டது. அமெரிக்கர்களுக்கு அந்த ரயில் வேண்டும். செப்டம்பர் 17 அன்று வான்ஃபிரீட் ஊரில் இரு தரப்பு அதிகாரிகளும் கூடி ஊர்களை மாற்றிக்கொண்டார்கள். வெர்லஸ்ஹாவுசனும் நோய்சேசனும் மேற்கே வந்தன, ஆஸ்பாக், சிக்கன்பெர்க் முதலான ஊர்கள் கிழக்கே போயின. கையெழுத்தானதும் இரு தரப்பும் பாட்டில் மாற்றிக்கொண்டதாகச் சொல்லி, அந்த ரயில் துண்டுக்கு விஸ்கி-வோட்கா லைன் என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஊர்களில் பிறந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ரயில் இன்றும் ஓடுகிறது. சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு அது வளைந்து போவதைப் பார்த்தால், ஆஸ்பாக்கில் ஒருவர் நாற்பது ஆண்டுகள் வேலிக்குள் இருந்ததற்குக் காரணம் அந்தத் தண்டவாளம் என்பது புரியும்.

அதே ஆஸ்பாக்குக்கும் சிக்கன்பெர்க்குக்கும் பக்கத்தில் ஷிஃப்லர்ஸ்குருண்ட் என்ற பள்ளத்தாக்கு. 1982 மார்ச் 29 அன்று ஹைன்ஸ்-யோசெஃப் க்ரோஸ என்ற 34 வயதுத் தொழிலாளி, எல்லைப் பணிக்காக அங்கே கொண்டுவந்திருந்த மண் அள்ளும் வண்டியை வேலியோரம் நிறுத்தி, அதன் வாளி மேல் ஏறி வேலியைத் தாண்டிக் குதித்தார். எதிரே சரிவு, அதன் உச்சியில் மேற்கு. ஏறிக்கொண்டிருக்கும்போதே சுட்டுவிட்டார்கள். வேலி எல்லைக்கோட்டிலேயே இருக்காது, உள்ளே தள்ளித்தான் இருக்கும், அதனால் வேலியைத் தாண்டியவரும் கிழக்கு மண்ணில்தான் நின்றார். படத்தில் பார்த்தால் இது புரியாது. வேலியிலிருந்து சரிவில் மேலே பார்த்தால், அந்தக் கொஞ்ச தூரம் எவ்வளவு என்று காலுக்குத் தெரியும்.

இல்லாமல் போன ஊர்கள்

ஹெல்ட்பர்க் பகுதியில் பில்முட்ஹாவுசன் என்று ஒரு ஊர் இருந்தது. எல்லைக்கு மிக அருகில் இருந்ததால் அரசு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்தது. கோயிலை 1965இல் இடித்தார்கள், கடைசிக் குடும்பம் 1978இல் கிளம்பியது, வீடுகளையெல்லாம் தரைமட்டமாக்கினார்கள். பக்கத்தில் எர்லெபாக், லைட்டன்ஹாவுசன் ஊர்களுக்கும் இதே கதி. பில்முட்ஹாவுசனில் மிஞ்சியது மின்மாற்றிக் கோபுரமும் இடுகாடும். பிறகு, அங்கே பிறந்தவர்களும் சுற்றுவட்டாரத்தவரும் சேர்ந்து சிறு தேவாலயம் எழுப்பினார்கள். ஊர் இருந்த இடத்தில் புல்லும் மரமும்தான். பலகை இல்லாவிட்டால் கடந்து போயேவிடுவோம், அதனால் இப்படிப்பட்ட இடத்துக்கு அறிவிப்புப் பலகை அவசியம் என்று சொல்வேன், மற்ற இடங்களில் அவ்வளவு தேவையில்லை.

எல்பே கரையில் ரூட்டர்பெர்க் இதற்கு நேர் எதிர். ஆற்றுப் பக்கம் வேலி, 1967இல் ஊருக்குப் பின்னாலும் வேலி, வாசல் ஒன்று, இரவு 11 முதல் காலை 5 வரை அது பூட்டிக் கிடக்கும். சொந்த நாட்டுக்குள் போகவும் வாசலில் அடையாள அட்டை காட்ட வேண்டும். 1989 நவம்பர் 8 மாலை ஊர்க்கூட்டம் கூடி, எங்கள் ஊர் தனிக் குடியரசு என்று தீர்மானம் போட்டார்கள். மறுநாள் பெர்லின் சுவர் திறந்தது. நவம்பர் 8 அன்று அடுத்த நாள் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் அந்தத் தீர்மானத்தின் மதிப்பு.

பட்டை எப்படித் தப்பியது

மோட்லராய்ட்டில் வழி திறந்த அதே 1989 டிசம்பர் 9 அன்று, அங்கிருந்து பக்கத்திலேயே இருக்கும் ஹோஃப் நகரில் கிழக்கிலும் மேற்கிலும் இருந்து சுமார் 400 இயற்கை ஆர்வலர்கள் கூடினார்கள். கூட்டியவர்களில் காய் ஃப்ரோபெல் முக்கியமானவர். எல்லையோரத்தில் வளர்ந்தவர், சிறுவயதிலேயே மேற்குப் பக்கம் இருந்து தொலைநோக்கியில் பறவைகளைக் கணக்கெடுத்தவர். ப்ரௌன்கேல்ஷென் என்ற சிறு பறவை சுற்றிலும் வயல்வெளிகளில் காணாமல் போக, எல்லைப் பட்டையில் மட்டும் கூடு வைப்பதைக் கண்டுபிடித்தார். உழவு இல்லை, உரம் இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை, அதனால் அங்கே பறவை. வேலி போனதும் இந்த நிலமும் போய்விடும் என்று பயந்து, பட்டை முழுவதையும் காக்க வேண்டும் என்று அன்றே தீர்மானம் போட்டார்கள். கிரீன் பெல்ட், அதாவது பச்சைப் பட்டை, அங்கேதான் பிறந்தது. சுவர் விழுந்து ஒரு மாதத்தில் இப்படி யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

வேலை சுலபமாக நடக்கவில்லை. நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் திரும்பக் கேட்டார்கள், 1996இல் வந்த சட்டப்படி சந்தை விலையில் கால் பங்கு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றானது, சிலர் வாங்கி உழவும் செய்தார்கள். மிச்சம் இருந்த மத்திய அரசு நிலத்தை மாநிலங்களுக்குக் கொடுக்க வருடங்கள் ஆயின. துரிங்கியா தன் பகுதி 763 கிலோமீட்டரையும் 2018இல் தேசிய இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது, அடுத்த ஆண்டு சாக்சனி-ஆன்ஹால்ட் அறிவித்தது. பட்டை இல்லாமல் பாதை இல்லை, பாதையில் ஆள் வராவிட்டால் பட்டையைக் காக்கப் பணம் கேட்பதும் கஷ்டம்.

ரோந்துப் பாதையும் சைக்கிளும்

சரி, இப்போது அந்தக் கான்கிரீட்டுக்கு வருவோம். ரோந்துப் பாதை என்பது வண்டிச் சக்கரத்துக்கு இரண்டு வரிசைக் கான்கிரீட் பலகைகள், நடுவில் புல். பலகை முழுக்க வரிசை வரிசையாகத் துளை. நம் வீடுகளில் காற்றுக்காக வைக்கும் சிமெண்ட் ஜாலியைத் தரையில் படுக்கப் போட்டதுபோல இருக்கும். துளைகளில் புல் முளைத்து, மழை பெய்தால் வழுக்கும். நடந்தால் முன்பாதம் துளையில் இறங்கும், குதிகால் விளிம்பில் நிற்கும். கொஞ்ச தூரத்தில் கால் தானாகவே நடுப் புல்லுக்குப் போய்விடும். ராணுவ வண்டிக்காகப் போட்டதால் மலையைச் சுற்றி வளைக்காமல் நெட்டுக்குத்தாக ஏறும். ஃபிராங்கன்வால்டு மலைக்காட்டில் சில ஏற்றங்களைக் கீழே நின்று பார்த்தாலே மூச்சு வாங்கும்.

சைக்கிளில் போனால்? மெல்லிய டயர் என்றால் துளையில் இறங்கிக் கவிழ்க்கும். தடித்த டயர் போட்டாலும் கை மரத்துப்போகும், பல் கடகடக்கும், பறவை எது மரம் எது என்று நிமிர்ந்து பார்க்க முடியாது, தரையையே பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். எனவே தார் போட்டுச் சமமாக்கிவிடலாமே என்று குரல் எழும். சில இடங்களில் பலகையைப் பெயர்த்தும் இருக்கிறார்கள். இதை நான் முழுக்க எதிர்க்கிறேன். வேலியும் கோபுரமும் பெரும்பாலும் போய்விட்ட பிறகு, அந்த எல்லை எவ்வளவு நீளம், எவ்வளவு பிடிவாதமாகக் காட்டையும் மேட்டையும் பிளந்துகொண்டு போனது என்று காட்டுவதற்கு மிஞ்சியிருப்பது இந்தப் பலகைகள்தான். அவை நடக்கச் சிரமமாக இருப்பதும் அவற்றின் செய்தியில் ஒரு பகுதி. நடப்பவருக்கு அந்தச் சிரமம் தாங்கும், ஏனென்றால் அவர் மெதுவாகப் போகிறார்.

சைக்கிள் பாதையை மெத்தென்ற ஊர்ச் சாலைகள் வழியாகத் திருப்பி, பழைய கோட்டை இங்கும் அங்குமாகத் திரும்பத் திரும்பக் கடக்க விட்டது இதனால்தான் சரியான முடிவு. கோட்டின் மேல் நடப்பவர் எல்லையைப் பார்க்கிறார், ஊரைப் பார்ப்பதில்லை. சைக்கிள்காரர் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் பழைய சாலையில் போகிறார், எல்லை வெட்டியது அந்தச் சாலைகளைத்தான். சாலைகள் கோட்டைக் கடக்கும் பல இடங்களில் பழுப்பு நிற அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கும்: ஜெர்மனியும் ஐரோப்பாவும் இந்த இடத்தில் இன்ன தேதி, இத்தனை மணி வரை பிரிந்திருந்தன என்று. தேதி சாலைக்குச் சாலை மாறும். ஒன்றில் 1989 நவம்பர், அடுத்ததில் டிசம்பர், இன்னொன்றில் அடுத்த ஆண்டு. காரில் போகிறவர் அதைத் தாண்டிவிடுகிறார். சைக்கிளில் ஒரே நாளில் இப்படிப் பல பலகைகளைப் படிக்கும்போதுதான், சுவர் ஒரே ராத்திரியில் விழவில்லை, ஊர் ஊராகத் திறந்தது என்பது உறைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பராமரிப்பு பல மாநிலங்கள், பல மாவட்டங்களின் கையில் கிடக்கிறது, அதனால் ஒரு மாவட்டத்தில் வழிகாட்டிக் குறி தெளிவாக இருக்கும், மாவட்ட எல்லை தாண்டினால் காணாமல் போகும். ஆள் நடக்காத இடத்தில் கான்கிரீட் பலகையைப் புல் மூடுகிறது. பட்டையும் தானாக இருந்துவிடாது, விட்டால் புதர் மண்டிக் காடாகிவிடும், ப்ரௌன்கேல்ஷென் போன்ற பறவைகளுக்குத் திறந்தவெளிதான் வேண்டும், ஆடு மேய விட வேண்டும். ரொம்ப வருத்தமானது சாப்பாட்டு விஷயம்: அருங்காட்சியகத்துக்குக் காரில் வருகிறவர்கள் பார்த்துவிட்டுக் காரிலேயே கிளம்பிவிடுகிறார்கள், ஊர்ச் சத்திரத்துக்கு வருமானம் இல்லை, சத்திரம் மூடினால் நடந்தும் மிதித்தும் வருகிறவருக்குத் தங்க இடம் இல்லை. ஊராட்சிகளின் பணம் இன்னொரு காட்சிப் பலகைக்குப் போவதைவிட ஒரு சத்திரத்தைத் திறந்து வைக்கப் போனால் நல்லது.

போக நினைப்பவர்களுக்கு: முழு நீளத்தையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹோஃப் ரயில் நிலையத்தில் இறங்கி, சைக்கிளில் மோட்லராய்ட் போய், அங்கிருந்து மேற்கே சாலே ஆற்றை நோக்கி ஊர்ச் சாலைகளில் மிதியுங்கள். இடையில் ஏதாவது ஒரு நாள் சைக்கிளைத் தங்கும் இடத்தில் விட்டுவிட்டு ரோந்துப் பாதையில் நடங்கள். கணுக்காலைப் பிடிக்கும் உயரமான காலணி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்காது, சனிக்கிழமையே ரொட்டியும் தண்ணீரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓடையோரத்து எல்லைக் கல்லைப் பார்த்தால், எழுத்தைத் தேடி இரண்டு பக்கமும் பாருங்கள்.